வெடிக்குப் போன எழுத்து

அம்மாவைப் புதைத்தோமா என்று எனக்குத் தெரியாது. ஒரு துணிக் கட்டைப் புதைத்தோம். வெள்ளைத் துணியில் சுற்றி நான்கு இடத்தில் கயிறு போட்டிருந்தார்கள். கையில் தூக்கிக்கொள்கிற அளவுதான் இருந்தது. பக்கத்தில் நின்ற சித்தி என் முகத்தைத் தன் தோளில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாக்காத தாயி, பாக்காத" என்றாள். நான் பார்க்கவில்லை. ஏன் சித்தியின் கையைத் தட்டிவிடவில்லை என்று தினமும் என்னையே கேட்கிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் வெடித்த அன்றைக்கு அந்த அறையில் வேலை செய்தது அம்மாவோடு சேர்த்து மூன்று பெண்கள். மூவரும் விஸ்வநத்தத்தில் எங்கள் தெருக்காரர்கள். காலையில் கம்பெனி வேனில் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கட்டுகள் வந்தன. ஊர் இடுகாட்டில் சீமைக்கருவேல மரத்துக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று குழி. எந்தக் கட்டு யார் என்று எப்படிப் பிரித்தார்கள்? நான் அதை யாரிடமும் கேட்கவில்லை. கட்டை வாங்கி வந்த அப்பாவிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்று பயம்.

நானும் அந்த அறையில் இருந்திருக்க வேண்டியவள். அம்மாவும் நானும் சரம் பின்னுகிறவர்கள். வெடிகளின் திரிகளை நூலில் சேர்த்துப் பின்னிக்கொண்டே போனால் சரவெடி. அன்றைக்கு எனக்கு மாதாந்திர வயிற்று வலி. அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "நீ படு. உன் பங்கையும் சேத்துப் பின்னிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு என்னால் வெடிமருந்து வாடை பக்கம் போக முடியவில்லை. சித்திதான் சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆனால் தாளை மடிக்கவும் பசை தடவவும் ஊசி பிடிக்கவும் படிப்பு தேவையில்லை. அங்கே காலண்டரும் நோட்டுப் புத்தகமும்தான் அதிகம். நான் யாரிடமும் பேசாமல் மடிப்பேன். சாப்பாட்டு நேரத்தில் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். வெளியே வந்து மறுபடி மடிப்பேன்.

சேர்ந்த ஐந்தாவது மாதம் மும்பை அக்கா வந்தார்.

முப்பத்தைந்து வயது இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, தோளில் ஒரு துணிப்பை. நேராக பைண்டிங் பகுதிக்கு வந்து, எங்கள் சூப்பர்வைசர் அண்ணாச்சியைப் பார்த்து, "ஏலே, பைண்டிங் யாருலே பாக்கா?" என்று கேட்டார். அண்ணாச்சிக்கு ஐம்பது வயது. அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது. பெண்கள் எல்லாம் தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஐந்து மாதத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மும்பையில் அக்கா வளர்ந்த வரிசை வீடுகளில் பாதிப் பேர் திருநெல்வேலிக்காரர்களாம். அந்தப் பையன்களோடு விளையாடிக் கற்றுக்கொண்ட தமிழ். அதனால் அவருக்கு எல்லோரும் 'ஏலே'தான்.

அக்கா குடும்பத்தார் யூதர்கள். அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எங்களில் ஒரு அம்மா பைபிளில் வரும் என்று சொன்னார். "அவுகதான். ஆனா நாங்க ரொம்பக் காலமா இங்கனதான் இருக்கோம்" என்றார் அக்கா. கொங்கண் கடற்கரைக் கிராமங்களில் அவருடைய முன்னோர்கள் செக்கு ஓட்டியவர்கள். சனிக்கிழமை மட்டும் மாட்டை அவிழ்த்துவிட்டுச் செக்கை நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமை ஓய்வு, அவ்வளவுதான் அவர்களுக்கு முதலில் தெரிந்திருந்ததாம்.

"அப்ப விருதுநகர் எண்ணெய்க் கடைக்காரவுக மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் பசை தடவுகிற அக்கா.

"கடையெல்லாம் இல்ல. வெறும் செக்குதான்."

"செக்கு இருந்தா கடை வந்திருமே. சனிக்கிழம லீவு விட்டதாலதான் வராமப் போச்சு."

மும்பை அக்கா எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்.

அவர் கொண்டுவந்த வேலை எபிரேய எழுத்தில் ஒரு ஜெபப் புத்தகம். அவருடைய அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அப்பா வைத்திருந்த பழைய புத்தகம் ஏடு ஏடாகக் கழன்றுபோய், சாக்கு தைக்கிற சணலால் அவரே தைத்து வைத்திருந்தார். அக்கா அதைக் காட்டினார். அட்டையில் எண்ணெய்க் கறை. சணல் தையல் கோணல்மாணலாக இருந்தது. அதே மாதிரி புதிதாக நாற்பது புத்தகம் அச்சடித்து, அவர்கள் ஊரில் மிச்சமிருக்கிற குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும். மிஷின் தையல் கூடாது. நாற்பதையும் கையால் தைக்க வேண்டும். அதில் பாதியாவது தானே தைக்க வேண்டும் என்று எங்களோடு பாயில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் புத்தகம் வலது பக்கமிருந்து திறக்கிறது. தையல் வருகிற முதுகு நம்முடையதற்கு எதிர்ப்பக்கம். ஒரே தாளில் அடித்து மடிக்கிற பக்கங்கள் சேர்ந்தது ஒரு ஃபாரம். மிஷின்காரர் பழக்கத்தில் முதல் ஃபாரத்தின் பக்கங்களை நம் புத்தகம் மாதிரியே வைத்து ஓட்டிவிட்டார். அந்த ஃபாரம் மொத்தமும் வீண். மறுபடி அடித்தார்கள். அப்படித்தான் வேஸ்ட் தாள் ஒரு மூட்டை சேர்ந்தது.

அக்காவுக்கு ஒரு ஃபாரத்தை அடுத்த ஃபாரத்தோடு பிணைக்கிற இடத்தில் முடிச்சு நிற்கவில்லை. இழுத்தால் நெகிழ்ந்தது. மூன்று தடவை பிரித்துத் தைத்துவிட்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டார். நான் வாங்கி, சரம் பின்னுகிற முடிச்சைப் போட்டேன். திரி நெகிழ்ந்தால் சரம் பாதியில் அணைந்துவிடும். அதனால் எங்கள் முடிச்சு நெகிழாது. முதுகு முழுக்க ஜடை பின்னின மாதிரி ஓடியது.

அக்கா அதைத் தடவிப் பார்த்தார். "இத எங்கன படிச்ச?"

"எங்கம்மா இப்படித்தான் பின்னுவா."

"அவுகளக் கூட்டியாயேன். பாக்கணும்."

நான் ஊசியில் நூல் கோத்தேன். அம்மா செத்ததைப் பசை அக்காதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை மும்பை அக்கா அந்த முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்புறம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "முதுகுல அட்டை ஒட்டாதீக. இது தெரியட்டும்" என்றார். நாற்பது புத்தகத்துக்கும் அம்மாவின் முடிச்சு.

ஒரு ஃபாரம் கை தவறித் தரையில் விழுந்தது. நான் எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். அதே நேரம் அக்காவின் உதடும் குவிந்திருந்தது. அவர்கள் கீழே விழுந்ததை எடுத்து முத்தம் கொடுப்பார்களாம். என் கையிலிருந்து வாங்கி அவரும் முத்தம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாட்ஜுக்குக் கிளம்பும்போது அக்கா அந்த வேஸ்ட் தாள் மூட்டையைக் காட்டி அண்ணாச்சியிடம் சொன்னார்: "இதுல ஒரு துண்டு கூட ரோட்டுல, குப்பையில கிடக்கக் கூடாது. பத்திரம்."

"அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம் மேடம்" என்றார் அண்ணாச்சி. அக்கா போனதும் என்னிடம், "ஏ பிள்ள, அத நீ பாத்துக்க. எவன் கையிலயும் சிக்கக் கூடாது" என்றார்.

சிவகாசியில் இந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். காலண்டர் பார்ட்டிகள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். வேஸ்ட் தாளில் ஒன்று வெளியே போனால் அடுத்த அச்சகத்துக்காரன் டிசைனை உருவிவிடுவான். அதற்கு நாங்கள் வைத்திருக்கிற வழி, தாளை வெடிக் குழாய் உருட்டக் கொடுத்துவிடுவது. கீற்றாக வெட்டி, பசை போட்டு உருட்டி, மருந்து அடைத்து, கடைசியில் வெடித்துத் தூளாகிவிடும். அதற்கு மேல் யாரும் எதையும் உருவ முடியாது. ரொம்ப வேண்டப்பட்ட பார்ட்டி என்றால் அதைத்தான் செய்வோம்.

அக்கா எனக்கு வேண்டப்பட்டவர். சனிக்கிழமை அவர் வேலைக்கு வர மாட்டார். அன்றைக்கு வேஸ்ட் எடுக்கிறவர் வந்தார். மற்ற மூட்டைகளோடு சேர்க்காமல் அதை நானே தூக்கிக்கொண்டுபோய் அவர் வண்டியில் வைத்தேன். "மாமா, இத குடோன்ல போட்டுராதீக. இன்னைக்கே நாரணாபுரத்துக்குக் குழாய்க்குக் குடுத்துருங்க. கையோட வெட்டச் சொல்லுங்க" என்றேன்.

"என்ன தாயி, கள்ள நோட்டா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை அக்கா வந்ததும் நானாகத்தான் சொன்னேன். அவர் கேட்கக்கூட இல்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

"அக்கா, அந்த மூட்டையப் பத்திக் கவலப்படாதீக. வெடிக்கு அனுப்பிட்டேன். ஒரு எழுத்து மிஞ்சாது."

அக்கா என்னையே பார்த்தார். "எதுக்கு அனுப்புன?"

"வெடிக்கு. குழாய் உருட்ட."

அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு எனக்குப் புரியட்டும் என்று சொல் சொல்லாகத் தேடிச் சொன்னார். அந்தத் தாள்களில் கடவுளின் பெயர் இருக்கிறது. அது இருக்கிற தாளைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. பழசானாலும் வீணானாலும் சேர்த்து வைத்துக் கடைசியில் குழி வெட்டி மண்ணுக்குள் வைக்க வேண்டும். அதற்காகத்தான் பத்திரம் என்றார். ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தார்.

"தாளுக்கா குழி வெட்டுவீக?"

"ஆமா. மனுசர வைக்க மாதிரி."

"கிழிஞ்சுபோனதையுமா?"

"கிழிஞ்சது, எரிஞ்சது, எது கெடச்சாலும் பொறுக்கி எடுத்து வைப்போம்."

"பாதி எழுத்துதான் இருக்குன்னா?"

"பாதி எழுத்தையும் வைப்போம் பிள்ள."

ஒரு தாளுக்கு அதெல்லாம் செய்கிறார்கள். உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்குகிறார்கள். என் அம்மாவுக்கு அந்தப் பொறுமை யாருக்காவது இருந்ததா? நானாவது கேட்டேனா? இப்போது இந்தத் தாளையும் நானே அந்த மருந்துக்குள் அனுப்பிவைத்திருக்கிறேன். பத்திரமாக, என் கையால் தூக்கிக் கொடுத்து.

"எந்திரிங்கக்கா. போயி எடுத்துட்டு வருவோம்" என்றேன். அண்ணாச்சி ஏதோ சொன்னார். நான் அதற்குள் செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு வந்துவிட்டேன். அக்காதான் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

நாரணாபுரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி நான்கைந்து பெண்கள் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் முறம் முறமாகக் குழாய் காய்ந்தது. சுண்டுவிரல் பருமன்தான் ஒவ்வொன்றும். வேலையை நடத்துகிற அம்மா வெற்றிலையை அதக்கிக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன எழுத்துங்கீக? எழுத்தப் பாத்தா நாங்க உருட்டுறோம்? பிள்ளையாரு வந்தாரு, ஏசு வந்தாரு, போன வாரம் பூராம் பத்தாங்கிளாஸ் கணக்கு வந்துச்சு. எல்லாத்தையும் உருட்டியாச்சு."

"ஆச்சி, பெட்டி பெட்டியா எழுத்து இருக்கும். நம்ம எழுத்து இல்ல" என்றேன்.

"அந்தக் கறுப்பா தடியா இருக்குமே, அதா? ஏண்டி, காலையில நீ கேக்கலையா, இது என்ன கட்டங்கட்டமா இருக்குன்னு?"

ஒருத்தி வெட்டிய கீற்றுகளை எடுத்துக் காட்டினாள். அதுதான். பாதித் தாள் வெட்டாமல் அப்படியே இருந்தது. மீதி கீற்றும் குழாயும். அக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு குழாயாக எடுத்துத் திருப்பினார். எழுத்து தெரிந்தால் மடியில் போட்டுக்கொண்டார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அந்தப் பெண்களும் உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"இது உங்க சாமி எழுத்தா, இல்ல கணக்கா, பாத்துச் சொல்லுங்க. கணக்கக் குழிக்குள்ள வச்சிராதீக. அந்த வாத்தியாரு தேடி வந்துருவாரு" என்றார் அந்த ஆச்சி. அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

எல்லா முறமும் பார்த்து முடித்தோம். அப்போது ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "காலையில ஒரு சாக்கு லோடுல போச்சே, அதுலயும் இது கிடந்துச்சு."

மருந்து அடைக்கப் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருக்கிறது.

"போதும் பிள்ள. கிடைச்சது போதும்" என்றார் அக்கா. எனக்குப் போதவில்லை.

அந்தக் கம்பெனி வாசலில் நான் போய் நின்றேன். அம்மா செத்த கம்பெனி சாத்தூர்ப் பக்கம், இது வேறு. ஆனால் எல்லா கம்பெனி வாசலிலும் அதே வாடை. அக்கா நைலான் துப்பட்டா போட்டிருந்ததால், உரசினால் பொறி வரும் என்று வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை. நான் பருத்திச் சுடிதார். செல்லைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

போர்மேன் வேப்ப மரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த ஒரு மேடையைக் காட்டினார். குழாய்களை நெருக்கி அடுக்கி வளையமாகக் கட்டி வெயிலில் வைத்திருந்தார்கள்.

"மருந்து அடச்சாச்சும்மா. காலையில வந்த குழாய் பூரா அதுலதான்."

வெளி வரிசையில் இருந்த ஒரு குழாயில் அந்த எழுத்து தெரிந்தது. கறுப்பாக, கட்டமாக, பாதி. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"அத மட்டும் குடுங்கண்ணாச்சி. பிரிச்சு எடுத்துட்டுத் தாளை மட்டும் தாங்க."

"மருந்து அடச்சதப் பிரிக்க முடியுமா? உனக்குத் தெரியாதா? எந்த ஊருப் பிள்ள நீ?"

ஊரைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன கேட்டேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. அதுக்குள்ள இருக்கு, எடுத்துக் குடுங்க, எடுத்துக் குடுங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். தாளைத்தான் கேட்டேனா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

"எந்திரி தாயி" என்றார். "நீ கேக்கேன்னு நான் அத வெளிய குடுத்தா, இன்னைக்குச் சாயங்காலம் இன்னொரு தெருவுல கட்டு இறங்கும். எந்திரி."

வெளியே வந்தேன். அக்கா என் வெறுங்கையைப் பார்த்தார். குனிந்து என் காலில் செருப்பை மாட்டிவிட்டார்.

அச்சகத்துக்கு வந்ததும் அக்கா ஈரக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். பசை, அரைகுறையாகக் காய்ந்தது. ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் பூசணம் பிடித்துவிடும் என்றார். சுத்தமான, யாரும் மிதிக்காத இடமாக இங்கேயே வைக்கலாமா என்று யோசித்தார்.

"எங்க ஊரு இடுகாட்டுல வைங்கக்கா."

அவர்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். நல்ல மனுஷர் ஒருவரைப் புதைக்கும்போது பக்கத்தில் பழைய புத்தகங்களை வைப்பார்களாம். "உங்கம்மா பக்கத்துல வைப்போமா?"

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. "அது எங்கம்மாவான்னு தெரியாதுக்கா."

அதை அதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. "யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று மட்டும் அக்கா கேட்டார். கட்டை வாங்கி வந்த அப்பாவைச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா மண்வெட்டியோடு இடுகாட்டுக்கு வந்தார். அவர் லாரி செட்டில் லோடு ஏற்றுகிறவர். பேச்சு குறைவு. அம்மா போனதிலிருந்து எனக்குச் சோறு போட்டு வைப்பார், நான் சாப்பிட்டேனா என்று பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார், கேட்க மாட்டார். மூன்று மேடும் மழையில் அமுங்கி ஏறக்குறைய ஒன்றாகியிருந்தன. அம்மாவுடையதாக நினைத்த ஓரத்து மேட்டுக்குப் பக்கத்தில் அப்பா வெட்ட ஆரம்பித்தார்.

"அப்பா."

"ம்."

"இது அம்மாதானா?"

மண்வெட்டி நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மூணு கட்டு வச்சிருந்தாக. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்கன்னாக. மத்த ரெண்டு வீட்டு ஆளுகளும் நிக்காக. யாரும் முன்னால போகல. நேரமாச்சுன்னு அங்கன இருந்தவரு சத்தம் போட்டாரு. நான் போயி ஓரத்துல இருந்தத எடுத்தேன்."

"பிரிச்சுப் பாக்கலையா?"

"பிரிச்சு என்ன பாக்க?" என்றார். அப்புறம், "வளையல் ஒண்ணு தனியாக் காட்டுனாக. மூணு பேருக்கும் ஒரே வளையல். பொங்கலுக்குச் சேந்து போயி வாங்குனாகல்ல" என்றார்.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். மூன்று பேருக்கும் ஒரே நிறம் இருக்கட்டும் என்று கடையில் நான்தான் எடுத்தேன்.

பதில் வந்துவிட்டது. நான் பயந்த மாதிரியேதான் இருந்தது. அழுகைகூட வரவில்லை. மற்ற இரண்டு பெண்களுடைய வீட்டிலும் இப்படித்தானே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. நான் அந்த இரண்டு மேட்டையும் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஓரத்து மேட்டுக்கு மட்டும் பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"அக்கா, இத மூணாப் பிரிக்கலாமா?" என்று கேட்டேன்.

"மூணாவா?"

"மூணு குழி. எது அம்மான்னு தெரியாதுல்ல. எங்க இருந்தாலும் பக்கத்துல ஒண்ணு இருக்கும்."

அக்கா மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படி எங்க வழக்கத்துல எதுவும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல" என்றார். பிறகு மூட்டையை அவரே அவிழ்த்தார்.

புத்தக அட்டைக்கு வாங்கின வெள்ளைத் துணியில் மிச்சம் கொண்டுவந்திருந்தோம். நான் அங்கேயே உட்கார்ந்து மூன்று பை தைத்தேன். அக்கா தாளையும் கீற்றையும் குழாயையும் கைகளால் அள்ளி மூன்றிலும் ஒரே அளவாகப் போட்டார். கூடக் குறைய ஆகிவிட்டதோ என்று எடுத்து எடுத்து மாற்றினார். பைகளின் வாயை அம்மாவின் முடிச்சால் பின்னி மூடினேன். அப்பா மூன்றாவது குழி வெட்டும்போது, "அவுக வீட்டுல நான் சொல்லிக்கிடுறேன்" என்றார்.

அக்கா தன் அப்பாவின் பழைய புத்தகத்தைத் திறந்து ஏதோ படித்தார். பத்துப் பேர் இருந்தால் சொல்ல வேண்டிய ஜெபம் ஒன்று உண்டாம். நாங்கள் மூன்று பேர்தான். அதனால் அதைச் சொல்லவில்லை. வேறு ஒன்றைப் படித்தார். மூன்று பையையும் நான்தான் இறக்கினேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். மண் விழுந்து துணி மறைகிறவரை பார்த்தேன். துணி மறைந்த பிறகும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதுவும் ஆறவில்லை.

"ஒண்ணு குறையுதுக்கா" என்றேன் திரும்பி வரும்போது. மருந்து அடைத்துப் போனதைத்தான் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

அடுத்த வாரம் அக்கா நாற்பது புத்தகத்தோடு ரயில் ஏறினார். எப்போதாவது போனில் பேசுவார். இப்போதும் எடுத்ததும் "ஏலே"தான்.

இந்தத் தீபாவளிக்கு நான் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். மறுநாள் காலையில் வெளியே வந்தபோது தெரு முழுக்க வெடித்த தாள். குனிந்து ஒன்றை எடுத்தேன். கணக்கு. இன்னொன்று, ஏதோ காலண்டரின் தேதி. உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே தெருவில் நகர்ந்தேன்.

அப்பா வாசலில் வந்து நின்றார். நான் என்ன தேடுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"அந்த லோடு வடக்க போயிருச்சு தாயி. நம்ம ஊருல வெடிச்சிருக்க மாட்டாக."

"தெரியும்ப்பா."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு எதிர்ப்பக்கம் குந்தினார்.

"அந்த எழுத்து எப்படி இருக்கும்? கட்டமாத்தான?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்ப ஆரம்பித்தார்.